பூச்சி உருண்டைப் பெட்டியை முதல்ல திறவுங்கோ

தங்கச்சி, உப்புவெளி வீடு, வயித்துப் பிள்ளைக்கு ஏழாம் மாதம், மாரி தொடங்க முதல் அறையை ஒழிக்க வேணும், பிறக்கப்போற பிள்ளைக்குப் போட வைச்ச மூத்த பிள்ளையின்ர உடுப்புகள் பூச்சி உருண்டையோட கிடக்கு எண்டு எழுதியிருந்தீங்கள். அந்த உருண்டைதான் பிரச்சினை. அது நப்தலீன் எண்ட இரசாயனத்தில செய்தது எண்டால், ஜி6பிடி குறைபாடுள்ள (சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதியம் பிறப்பிலேயே குறைஞ்ச) பச்சைக் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் உடைஞ்சு கடும் மஞ்சள் காமாலை வரலாம். உருண்டையை எறிஞ்சிட்டு, உடுப்பை நாள்கணக்கில வெளியில காற்றாட விட்டுத் துவையுங்கோ. அப்பவும் மணந்தால் பிள்ளைக்குப் போடாதேங்கோ. முதல் மாதங்களுக்கு உருண்டை படாத உடுப்புத்தான் நல்லது.

மட்டைப்பெட்டி வேண்டாம், கடற்கரை ஈரத்தை உறிஞ்சும், கறையானும் ஏறும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியைச் செங்கல்லில, சுவருக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கோ. துணி நல்லாக் காய முதல் மூடினால் பூஞ்சணம்தான். பாரம் தூக்கிறது வீட்டுக்காரரின்ர வேலை. கிளினிக் அட்டையையும் சேர்த்துக் கட்டிப்போடாதேங்கோ!