கட்டானில் பாதி ஆட்டத்திலேயே முடங்கிப் போவது பற்றி

வணக்கம் நண்பரே. வாராவாரம் நால்வராகக் கட்டான் (Catan) என்ற பலகை விளையாட்டை ஆடும்போது கையில் வளச் சீட்டே சேராமல் முடங்கிவிடுவதாகவும், யாரும் உங்களோடு பண்டமாற்றுக்கு வருவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பகடையைக் குறை சொல்லும் முன் முதல் இரண்டு குடியிருப்புகளை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆட்டத்தின் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

பலகையில் நிலங்களின் மேல் வைக்கும் எண் வில்லைகளில் சிறு புள்ளிகள் இருக்கும். பகடையில் அந்த எண் விழுந்தால்தான் அந்த நிலம் சீட்டுத் தரும். 6, 8 இரண்டுக்கும் 5 புள்ளி, 2, 12 இரண்டுக்கும் 1 புள்ளி. இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் அந்த எண் எத்தனை வகையில் வரும் என்பதுதான் அது. குடியிருப்பு வைக்கப் பார்க்கும் முனையைத் தொடும் மூன்று நிலங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். 10-க்கு மேல் வந்தால் நல்ல இடம். ஆனால் இரண்டு குடியிருப்புகளும் ஒரே எண்களை நம்பி இருக்க வேண்டாம். கோதுமையை மட்டும் விடவே விடாதீர்கள். குடியிருப்பு, நகரம், வளர்ச்சிச் சீட்டு மூன்றுக்குமே அது வேண்டும்.

அப்புறம் பண்டமாற்று. முன்னணியில் இருப்பவரை விட்டுவிட்டு, உங்களைப் போலப் பின்தங்கியவரிடம் பேசுங்கள். அவர் எதைக் கட்டப் பார்க்கிறார் என்று கவனித்து, அதற்குத் தேவையானதை நீங்களே முதலில் நீட்டுங்கள். ஒன்றுக்கு இரண்டு கொடுத்தாலும் பரவாயில்லை, துறைமுகம் இல்லாதவரிடம் வங்கி நான்கு கேட்கும்.