சபையாகச் சேர்ந்து வசனம் மனப்பாடம்

கேள்வி: எங்கள் சபையில் சிறுவரும் பெரியவரும் சேர்ந்து வேதாகமத்தின் 119ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்ய விரும்புகிறோம். அது சாத்தியமா? – வாசகி, நாசரேத்

பதில்: சாத்தியமே, எட்டெட்டு வசனங்களாக 22 பகுதிகள் இருப்பதால் மாதம் ஒரு பகுதியாகப் படிக்கலாம். ஆனால், முதல் முயற்சிக்கே 176 வசனங்கள் என்றால் பாதியில் பலர் நழுவிவிடுவார்கள். 136ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். அதன் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிவதால், ஒருவர் முற்பகுதியைச் சொல்ல, எழுத்தறியாத பாட்டியும் பள்ளிக்குப் போகாத பிள்ளையும்கூட முதல் நாளிலேயே பிற்பகுதியைச் சொல்லிவிடலாம். எகிப்தின் தலைச்சன்கள் முதல் சிவந்த சமுத்திரம் வரை நிகழ்ச்சிகள் வரிசையாக வருவதால் தடுமாற்றமும் குறைவு. அதில் வரும் சீகோன், ஓக் என்ற இரண்டு ராஜாக்களைத்தான் சொல்பவர்கள் முன்பின்னாக மாற்றிவிடுவார்கள். அனைவரும் ஒரே மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். பரிசுப் போட்டி மட்டும் வேண்டாம். தோற்ற பிள்ளை அடுத்த வாரம் வாயே திறக்காது.