பர்னர் கேள்வி பதில்: டேம்பரில் கடைசியாகக் கை வையுங்கள்

கேள்வி: எங்கள் பாய்லரில் டீசல் பர்னர். கொஞ்ச நாளாகக் கரும்புகை வந்தது. காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டேம்பர் தகட்டைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட்டேன், புகை நின்றுவிட்டது. ஆனால் அதே அளவு நீராவிக்கு இப்போது எண்ணெய் கூடுதலாகப் போகிறது. புகை இல்லை என்றால் நன்றாக எரிகிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: அப்படி அர்த்தமில்லை. டேம்பரைத் திறந்ததால் புகை மறைந்தது, கோளாறு அங்கேயேதான் இருக்கிறது.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். எந்த பர்னரிலும் எண்ணெயும் காற்றும் முழுமையாகக் கலப்பதில்லை. அதனால் 15 முதல் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதற்கு மேல் கொடுக்கும் காற்றையெல்லாம் எண்ணெய் செலவழித்துச் சூடாக்கிப் புகைபோக்கி வழியாக அனுப்புகிறோம். புகைவாயு 220 டிகிரி, அறைக்காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புகைவாயுவில் ஆக்சிஜன் 3 சதவீதம் இருந்தால் அதன் வழியே போகும் வெப்பம் ஏறக்குறைய எட்டரை சதவீதம். ஆக்சிஜன் 8 சதவீதமானால் அதுவே 11 சதவீதத்தைத் தாண்டும். இரண்டிலும் கண்ணுக்குப் புகை தெரியாது. எண்ணெய்க் கணக்கில் மட்டும் தெரியும், உங்களுக்குத் தெரிந்ததைப் போல.

இப்போது இதை யோசியுங்கள். இத்தனை நாள் அதே டேம்பர் நிலையில் புகையில்லாமல் ஓடிய பர்னர் திடீரென ஏன் புகைய வேண்டும்? வேறு ஏதோ மாறியிருக்கிறது. அதைத் தேடுவதுதான் முதல் வேலை.

எண்ணெயைத் தெளிக்கும் முனையான நாஸிலில் ஆரம்பியுங்கள். பர்னரை நிறுத்தி, எண்ணெய் வால்வை மூடி, சூடு ஆறியதும் கழற்றுங்கள். அதன் பின்னால் இருக்கும் சின்ன வலையில் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நாஸிலைச் சுற்றிக் காற்றைச் சுழற்றிவிடும் டிஃப்யூசர் தட்டைப் பாருங்கள். சுற்றிலும் லேசாகக் கருத்திருந்தால் பரவாயில்லை. ஒரே பக்கம் கரி கட்டியாக ஏறியிருந்தால் தெளிப்பு அந்தப் பக்கம் சாய்ந்து அடிக்கிறது என்று பொருள். நாஸில் துவாரத்தில் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தவே கூடாது. மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான் அந்தத் துவாரம். ஒரு கீறல் விழுந்தாலும் தெளிப்பின் வடிவம் போய்விடும். அதே அளவு, அதே கோணம், அதே தெளிப்பு வகையில் புதியதைப் போடுங்கள். 60 டிகிரி இருந்த இடத்தில் 80 டிகிரி போட்டால் சுடர் அகன்று சுவரைத் தொடலாம். அங்கே கரி பிடிக்கும்.

அடுத்து பம்ப் அழுத்தம். நாஸிலில் பொறித்திருக்கும் அளவு பெரும்பாலும் 7 பார் அழுத்தத்துக்கான அளவு. அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால்தான் ஓட்டம் இரண்டு மடங்காகும். அதனால் அழுத்தம் கொஞ்சம் இறங்கினால் எண்ணெய் அவ்வளவாகக் குறையாது, துளிகள்தான் பெரிதாகும். பெரிய துளி சுடருக்குள் எரிந்து முடியாமல் நுனியில் பொறிப்பொறியாகப் பறக்கும். உறிஞ்சும் பக்கத்தில் வாக்குவம் கேஜ் வைத்தும் பாருங்கள். 0.4 பாருக்கு மேல் காட்டினால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், வால்வு பாதி மூடியிருக்கலாம். அந்த நிலையில் எண்ணெயிலிருந்து வாயு பிரிந்து குமிழியாக வரும், சுடர் துடிக்கும்.

காற்றுப் பக்கத்திலும் அழுக்கு சேரும். ஊதும் விசிறியின் இதழ்களில் தூசி அப்பிக்கொண்டால் டேம்பர் அசையாமலேயே காற்று குறைந்துவிடும். அதையும் சுத்தம் செய்யுங்கள். கரும்புகை வந்த நாட்களில் பாய்லர் குழாய்களில் கரி படிந்திருக்கும், அதைத் தேய்த்து எடுங்கள். புகைவாயு வெப்பம் ஒவ்வொரு 20 டிகிரி ஏறும்போதும் ஏறக்குறைய 1 சதவீதம் எண்ணெய் வீண்.

இதெல்லாம் முடிந்த பிறகு டேம்பருக்கு வாருங்கள்.

கேள்வி: சரி, சுத்தம் செய்து நாஸிலும் மாற்றியாகிவிட்டது. காற்றை எந்த வரிசையில் சரிசெய்வது?

பதில்: பாய்லர் வழக்கமான அழுத்தத்துக்கு வந்து சூடு நிலைக்கட்டும். குளிர்ந்த பாய்லரில் எடுக்கும் அளவை நம்ப முடியாது. பர்னர் முழு அளவில் எரியும் ஹை ஃபயரில் தொடங்குங்கள்.

புகைவாயுவை அளக்கும் அனலைசர் கருவியின் குழாயை பாய்லரின் வாயு வெளியேறும் இடத்துக்கு அருகில், புகைக்குழாயின் நடுப்பகுதி வரை செருகுங்கள். சுற்றியுள்ள இடைவெளியை அடையுங்கள். வெளிக்காற்று கசிந்தால் ஆக்சிஜன் அதிகமாகக் காட்டும். அதை நம்பி டேம்பரை மூடினால் உள்ளே உண்மையிலேயே காற்று போதாமல் போகும்.

பிறகு டேம்பரை மிகச் சிறிதளவு மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஓரிரண்டு நிமிடம் காத்திருந்து ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, புகை எண் மூன்றையும் எழுதுங்கள். புகை எண்ணுக்கு ஸ்மோக் பம்பைப் பத்து முறை இழுத்து, வடிதாளில் விழும் கறையை பக்கராக் அட்டையுடன் ஒப்பிட வேண்டும். 0 முதல் 9 வரை உள்ள அந்த அட்டையில் டீசலுக்கு 0 அல்லது 1 தான் சரி. தாளில் மஞ்சளாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எண்ணெய் எரியாமல் வெளியேறுகிறது. மறுபடி நாஸிலுக்குப் போங்கள்.

ஒரு கட்டத்தில் கார்பன் மோனாக்சைடு சட்டென்று ஏறும், அல்லது கறை அடர்த்தியாகும். அதுதான் விளிம்பு. அங்கிருந்து ஆக்சிஜன் 1 சதவீதம் கூடும் அளவுக்குத் திரும்பத் திறந்து வையுங்கள். நல்ல பர்னர் என்றால் பெரும்பாலும் 3 முதல் 4 சதவீதத்தில் வந்து நிற்கும். கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 100 பங்கு) இருக்கட்டும்.

விளிம்பிலேயே விட்டுவிட்டால் இன்னும் மிச்சமாகுமே என்று தோன்றும். ஆனால் விசிறி தள்ளுவது கன அளவைத்தான், எடையை அல்ல. 20 டிகிரி காற்று 40 டிகிரியானால் அதன் எடை 6 சதவீதத்துக்கு மேல் குறையும். காலைக் குளிரில் 3 சதவீத ஆக்சிஜனுக்கு வைத்த பர்னர் மதிய வெயிலில் 2-க்கும் கீழே இறங்கிவிடும். அந்த இடைவெளியை முன்கூட்டியே கொடுத்தால்தான் பர்னர் நாள் முழுக்கப் புகையாமல் ஓடும்.

அப்புறம் பர்னர் குறைந்த அளவில் எரியும் லோ ஃபயர். அங்கே காற்றின் வேகம் குறைவு, கலப்பும் சுமார்தான், ஆகவே ஆக்சிஜன் 5, 6 என்று இருப்பதில் தவறில்லை. கடைசியாக நட்டுகளை இறுக்கிவிட்டு மறுபடி ஒரு முறை அளந்து பாருங்கள். இறுக்கும்போது டேம்பர் நகர்வது சகஜம். அளவுகளைப் புகைவாயு வெப்பத்தோடு சேர்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த தடவை என்ன மாறியிருக்கிறது என்பதை அந்தப் பக்கம் சொல்லும்.

கேள்வி: எங்கள் மூத்த ஆபரேட்டர் அண்ணன் சுடரைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவார். அனலைசர் தேவையா?

பதில்: அவரை விட்டுவிடாதீர்கள், அவர் கண்ணில் படுகிற பல விஷயங்களை எந்தக் கருவியும் காட்டாது. சுடர் சாய்வது, சுவரில் முட்டுவது, நுனியில் பொறி பறப்பது எல்லாம் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் ஆக்சிஜன் 4 சதவீதமா 6 சதவீதமா என்று யாருடைய கண்ணாலும் பிரிக்க முடியாது. அண்ணனும் வேண்டும், அனலைசரும் வேண்டும்.

கேள்வி: ஃபர்னஸ் ஆயிலை எத்தனை டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்?

பதில்: டிகிரியைவிட எண்ணெயின் பாகுத்தன்மைதான் முக்கியம். அழுத்தத்தால் தெளிக்கும் பர்னர்களுக்கு நாஸிலில் 15 முதல் 20 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வர வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 100 முதல் 120 டிகிரி தேவைப்படும். லோடுக்கு லோடு எண்ணெய் மாறும் என்பதால் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் ஹீட்டரில் கரி பிடிக்கும், சுடரும் துடிக்கும்.

கேள்வி: பர்னர் பற்றாமல் தானாகவே நின்று அடிக்கடி லாக்அவுட் ஆகிறது. நான்கைந்து தடவை ரீசெட் அழுத்தினால் பிடித்துக்கொள்கிறது. இதில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு, பெரிய ஆபத்து. தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். பற்றாத ஒவ்வொரு முறையும் எரியாத எண்ணெய் சூடான அறைக்குள் விழுந்து ஆவியாகிறது. ஐந்தாவது தடவை பற்றும்போது அத்தனையும் ஒன்றாகப் பற்றும். பாய்லர் கதவே பிய்த்துக்கொண்டு போகலாம். ஒரு முறை ரீசெட் செய்தும் பற்றவில்லை என்றால் மெயினை நிறுத்துங்கள். பார்வைத் துளை வழியாக உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தேங்கியிருந்தால் அதை எடுத்து, காற்றோட்டம் விட்ட பிறகுதான் அடுத்த முயற்சி. காரணம் பெரும்பாலும் சுடர் எரிகிறதா என்று வெளிச்சத்தால் கண்டறியும் போட்டோசெல்லில் படிந்த கரி, பொறி கொடுக்கும் எலெக்ட்ரோடின் மாறிய இடைவெளி, அதன் விரிசல் விட்ட பீங்கான், அல்லது லைனில் காற்று.

போட்டோசெல்லைத் துடைத்து மாட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். பர்னர் ஓடும்போது அதை வெளியே இழுத்துக் கையால் வெளிச்சம் படாமல் மூடுங்கள். சில நொடிகளுக்குள் எண்ணெய் வால்வு அடைத்துச் சுடர் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் அந்த பர்னரை நிறுத்துங்கள். கோளாறு தீரும்வரை, உற்பத்தி நின்றாலும் சரி, யார் சொன்னாலும் ஓட்டாதீர்கள்.