சரியாகத் துடைக்காத கண்ணாடி

வணக்கம் ஐயா,

விஸ்காம் முடித்துவிட்டு உதவி இயக்குநராக இருக்கிறேன். 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' எழுதிய லூயிஸ் கரோலை வைத்து மர்லின் மேன்சன் எடுப்பதாக இருந்த 'ஃபேண்டாஸ்மகோரியா' என்ற திகில் படத்தைப் பற்றிச் சமீபத்தில் படித்தேன். இசைக்கலைஞரான அவரே எழுதி, இயக்கி, கரோலாகவும் நடிப்பதாக இருந்தார். ஆலிஸாக லில்லி கோல். 2006-இல் பெரிதாகப் பேசப்பட்டு, 2010-இல் ஒரு முன்னோட்டம் மட்டும் வெளியே வந்தது. படம் வரவில்லை. தான் உருவாக்கியவையே பேயாகத் திரும்பி வந்து தூங்கவிடாமல் அடிக்கும் எழுத்தாளர் என்ற கரு என்னை விடவில்லை. இருபது நிமிடக் குறும்படமாக எடுக்க ஆசை.

கரோல் குழந்தைகளிடம் தவறாக நடந்தவர் என்பது நிரூபணமான விஷயம்தானே? அவர்தான் லண்டனின் தொடர்கொலைகாரன் ஜாக் தி ரிப்பர் என்று ஒரு புத்தகம் இருக்கிறதாம். ஒற்றைத் தலைவலியால்தான் அவருக்கு அந்த விசித்திரக் காட்சிகள் தெரிந்தன என்றும் சொல்கிறார்கள். இவற்றில் எதைப் பேயாக வைக்கலாம்? விக்டோரியா காலத்தைக் குறைந்த செலவில் சிஜியில் கொண்டுவர முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

கரோல் எடுத்த புகைப்படங்களைப் பற்றியே மனம் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே பதில்.

ரிப்பர் கதையை விட்டுவிடுங்கள். 1996-இல் ரிச்சர்ட் வாலஸ் என்பவர் கரோலின் வரிகளில் உள்ள எழுத்துகளைக் கலைத்து, வேறு வரிசையில் அடுக்கி, கொலை வாக்குமூலம் தயாரித்தார். அந்த முறையில் யாருடைய கடிதத்திலிருந்தும் எந்தக் குற்றத்தையும் எடுக்கலாம். தலைவலியும் அப்படித்தான். பொருள்கள் திடீரென்று பெரிதாகவும் சிறிதாகவும் தெரியும் கோளாறுக்கு ஜான் டாட் என்ற மருத்துவர் 1955-இல் ஆலிஸின் பெயரை வைத்தார். ஆனால் பார்வையில் கோட்டைச் சுவர்கள் நகர்வதாகக் கரோல் குறித்துவைத்தது 1880-களில். புத்தகம் வந்தது 1865-இல்.

அடுத்த கேள்விக்குக் கோபப்படத்தான் வேண்டியிருக்கிறது. "நிரூபணமான விஷயம்தானே" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! இருப்பதைச் சொல்கிறேன். 13 நாட்குறிப்புத் தொகுதிகளில் 4 காணவில்லை. 1863 ஜூன் 27 முதல் 29 வரையிலான பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் இருந்ததன் சுருக்கமாக ஒரு துண்டுச் சீட்டு 1996-இல் குடும்பக் காகிதங்களில் கிடைத்தது. கரோல் எழுதியதல்ல அது. லிடெல் வீட்டுப் பிள்ளைகளைச் சாக்காக வைத்து அவர்களின் ஆசிரியையை அவர் சுற்றிவருகிறார் என்றும், மூத்தவளான இனாவை விரும்புகிறார் என்றும் ஊரில் பேச்சு இருப்பதாகப் பிள்ளைகளின் தாய் திருமதி லிடெல் அவரிடம் சொன்னார், அவ்வளவுதான் அதில் இருப்பது. இன்னொரு பக்கம், பெற்றோரின் அனுமதியோடு குழந்தைகளை ஆடையின்றியும் அவர் படம் எடுத்தார். அது இன்று நம்மை உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். அதற்காகக் கிடைக்காத பக்கத்தை நீங்களே எழுதி நிரப்பிவிட்டு அதற்கு நிரூபணம் என்று பெயர் வைக்கக்கூடாது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியும் கதை ஆலிஸுக்குப் பெயர் தந்தவளுமான ஆலிஸ் லிடெல் உயிரோடு இருந்த பெண். கரோலின் படங்களில் அவளுக்குக் கறுத்த, குட்டையாக வெட்டிய, நெற்றியில் விழும் முடி. பொன்னிற நீள்முடி புத்தகத்துக்குப் படம் போட்ட டென்னியல் வரைந்த ஆலிஸுக்குரியது. லிடெல் வளர்ந்து, மணமாகி, மூன்று மகன்களில் இருவரை முதல் உலகப் போரில் பறிகொடுத்தவர். 1928-இல் தன்னிடமிருந்த ஆலிஸ் கதையின் கையெழுத்துப் பிரதியை 15,400 பவுண்டுக்கு விற்றார். அவரை வெள்ளை முகப்பூச்சில் ரத்தம் வழிய நிறுத்துமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

மேன்சன் தலைப்பை எடுத்துக்கொண்ட கரோலின் கவிதையையாவது படித்தீர்களா? 1869-இல் வந்தது, ஏழு காண்டம். ஒரு குட்டிப் பேய் ஒருவரின் வீட்டுக்கு வந்து குளிர்காற்று அடிக்கிறது, ஒயின் சரியில்லை என்று குறைசொல்கிறது. பேய்களுக்குள் உள்ள பதவி வரிசையையும் விதிகளையும் விளக்குகிறது. கடைசியில் தான் தேடிவந்தது வேறொரு பெயர்க்காரரை, வீடு மாறிவிட்டது என்று தெரிந்து கிளம்புகிறது. கரோலின் பேய்கள் அலறுவதில்லை.

சரி, பயம் எங்கே? அவருடைய இருட்டறையில். சிஜி வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

கரோல் 1856 மார்ச்சில் லண்டனில் ஆட்டவில் கடையில் கேமரா வாங்கினார். 1880-இல் நிறுத்தும்வரை எடுத்த படங்கள் ஏறத்தாழ 3,000. எல்லாமே வெட் கொலோடியன் முறை, அதாவது கண்ணாடித் தகட்டில் ரசாயனப் படலம் பூசி, ஈரத்தோடு படமெடுப்பது. 1851-இல் ஃப்ரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்டது. ஒரு தகடு உருவாவதை முழுக்கச் சொல்கிறேன். உங்கள் படத்தின் முதல் ஐந்து நிமிடம் வசனமே இல்லாமல் அதுவாக இருக்கலாம்.

கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்து, மென்மையான கல்பொடியும் ஆல்கஹாலும் கலந்து துடைக்க வேண்டும். கட்டைவிரல் பட்ட இடம் கடைசியில் படத்தில் ரேகையாகத் தெரியும். பிறகு கொலோடியன்: வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து அயோடைடு உப்புச் சேர்த்த பிசுபிசுப்பான திரவம். தகட்டை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு நடுவில் ஊற்றி, நான்கு மூலைக்கும் சாய்த்து ஓடவிட்டு, மிச்சத்தைக் கடைசி மூலை வழியாகப் புட்டியிலேயே திருப்பிவிட வேண்டும். கை தயங்கினால் வரிவரியாக உறைந்துவிடும். ஈதர் பறந்து படலம் இறுகியதும் மஞ்சள் வெளிச்சத்தில் சில்வர் நைட்ரேட் தொட்டியில் மூன்று நான்கு நிமிடம். 100 மில்லி தண்ணீருக்கு 8, 9 கிராம் வெள்ளி உப்பு. தகட்டை நிறுத்தாமல் ஒரே வீச்சில் இறக்க வேண்டும். பாதியில் நின்றால் குறுக்கே ஒரு கோடு விழும். வெளியே எடுக்கும்போது கண்ணாடி பாலாடை போல் வெளுத்திருக்கும்.

இனி ஓட்டம்தான். ஈரம் காய்வதற்குள், ஏறத்தாழ பத்து நிமிடத்துக்குள், படமும் எடுத்து, அதை வெளித்தெரியவைக்கும் டெவலப்பும் செய்துவிட வேண்டும். காய்ந்தால் வெள்ளி உப்பு படிகமாகி வெளிச்சத்தை வாங்காது. வெயில் காலத்தில் அவகாசம் இன்னும் குறையும். லென்ஸ் மூடியைக் கழற்றி, எண்ணி, திரும்ப மூடுவதுதான் ஷட்டர். வெளிச்சத்தைப் பொறுத்துச் சில விநாடியிலிருந்து அரை நிமிடம், அதற்கு மேலும்கூட ஆகும். எட்டு வயதுப் பிள்ளையை அவ்வளவு நேரம் இமை ஆடாமல் உட்காரவைப்பதை நினைத்துப்பாருங்கள்.

திரும்ப இருட்டறை. டெவலப்பரை, பைரோகாலிக் அமிலமோ ஃபெரஸ் சல்ஃபேட்டோ, விளிம்போரமாக ஒரே அலையாகப் படரவிட வேண்டும். ஓரிடத்தில் தொப்பென்று விழுந்தால் அங்கிருக்கும் வெள்ளி அடித்துக்கொண்டு போய்விடும். முகத்தின் மேல் விழுந்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான். தூசி இருந்தால் வால்நட்சத்திரம் போன்ற கீறல், தகட்டுப் பெட்டியின் அழுக்கு மூலையிலிருந்து கசிந்தால் சிப்பி வடிவக் கறை, வெள்ளித் தொட்டியில் அமிலம் குறைந்தால் படம் முழுக்கப் புகை. நல்ல வெளிச்சம் பட்ட இடங்கள்தான் முதலில் வரும்: ஜன்னல், வெள்ளை கவுன், பிறகு நெற்றி. இருபது விநாடி போலத் தண்ணீரில் நிறுத்தி, படத்தை நிலைநிறுத்தும் திரவமான ஃபிக்சரில் இட்டால் பால்நிறம் கரையத் தொடங்கும். இந்த இடத்தில் கேமராவை நகர்த்தாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெகட்டிவாக, கறுத்த முகமும் வெளுத்த கூந்தலுமாகத் தெரியும் அதே தகடு, பின்னால் கறுப்புத் துணி வந்ததும் பாசிட்டிவாகப் புரளும். வெட்டு இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கலாம். எந்த சிஜி இதைச் செய்யும்?

இப்போது உங்கள் பேய். கண்ணாடி விலை கூடியது என்பதால் கெட்டுப்போன தகடுகளைச் சுரண்டிக் கழுவித் திரும்பப் பயன்படுத்தினார்கள். சரியாகக் கழுவாவிட்டால் பழைய படத்தின் வெள்ளித் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டியிருக்கும். புதிய படத்தை டெவலப் செய்யும்போது வெள்ளி அந்தத் துகளின் மேலும் போய்ப் படியும். போன மாதம் உட்கார்ந்து அசைந்ததால் ஒதுக்கப்பட்ட பிள்ளை, இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் மங்கலாக வந்து நிற்கும். கரோலின் பேயை இங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவரே கழுவிய கண்ணாடி, அவரே வேண்டாம் என்று ஒதுக்கிய முகம். யாரையும் குற்றவாளியாக்காமலேயே அந்த மனிதர் ஏன் தூங்கவில்லை என்று பார்ப்பவருக்குப் புரியும்.

இதற்குக் காலப் பொருத்தமும் இருக்கிறது. இறந்தவர்களின் ஆவியைப் படம்பிடிப்பதாகச் சொன்ன வில்லியம் மம்லர் மீது நியூயார்க்கில் வழக்கு நடந்தது 1869-இல், அந்தக் கவிதை வந்த அதே ஆண்டு. சர்க்கஸ் புகழ் பார்னம் எதிராகச் சாட்சி சொல்லியும், செய்த தந்திரம் இன்னதென்று நிறுவ முடியாமல் மம்லர் விடுதலையானார். 1882-இல் தொடங்கிய அமானுஷ்ய ஆய்வுக் கழகத்தில் கரோலும் உறுப்பினர்.

தகடே ஊற்ற முடியாவிட்டாலும் இரண்டை டிஜிட்டலில் செய்யலாம். கொலோடியனுக்குச் சிவப்பு தெரியாது, நீலம்தான் தெரியும். பதிவானதில் நீலச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். நீல ரிப்பன் வெளுக்கும், சிவப்பு உடை கறுக்கும், முகத்தின் செம்புள்ளிகள் கரும்புள்ளிகளாகும், நீல விழி ஏறக்குறைய வெண்மையாகிவிடும். மேக்கப் செலவே இல்லை. இன்னொன்று: பத்து விநாடி எக்ஸ்போஷரில் நடிகர் மூன்று விநாடி மட்டும் நின்று விலகினால் அவர் வழியாகச் சுவர் தெரியும். சுவர் வெளிச்சமாக இருந்தால் மீதி ஏழு விநாடியில் அவரை விழுங்கிவிடும். ஆகவே பின்னணி இருட்டாகவும், அவர் உடை வெளிறியும் இருக்கட்டும். இது நான் கண்டுபிடித்ததல்ல, 1856-லேயே விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர் எழுதிவைத்தது.

ஆலிஸ் எங்கே வருவாள் என்று கேட்பீர்கள். வயதான பிறகு, 1932-இல், அவர் சொன்ன நினைவு ஒன்று உண்டு. படம் எடுக்க உட்காருவதைவிட இருட்டறைக்குள் போய், கரோல் தகட்டை மெதுவாக ஆட்ட ஆட்ட உருவம் கூடிவருவதைப் பார்ப்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய பரவசமாம். அந்த அறையில் எந்தச் சாகசமும் நடக்கலாம் என்று தோன்றுமாம். அவளை அங்கே, அந்த ஆர்வத்தோடு நிற்கவிடுங்கள். பயப்பட வேண்டியவர் கரோல்.

இரவுக் காட்சிக்கு ஒரு பொருள் தருகிறேன். 1891-இல் கரோல் இருட்டில் எழுத ஒரு அட்டை செய்தார். முதலில் வெட்டிய 6 அங்குல நீளத் துளையில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிக்க முடியாமல் போயின. பிறகு கால் அங்குலச் சதுரத் துளைகள் 16. மூலையில் புள்ளி, ஓரத்தில் கோடு என்று தனி எழுத்து முறை. எது மேல்பக்கம் என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் இடது மேல்மூலையில் தடித்த புள்ளி. குளிர் இரவில் எழுந்து மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம் என்பதற்காக. இரண்டு ஆண்டு கழித்து, படுக்கையில் மனக்கணக்காகப் போட்ட 72 கணக்குகளை வெளியிட்டபோது, இரவில் அழையாமல் வரும் அவநம்பிக்கையும் அசுத்தமான எண்ணங்களும் தரும் வதையைப் பற்றி முன்னுரையிலேயே எழுதினார். கணக்கு அவற்றை விரட்டும் வழி என்றார். அவரே கைப்பட எழுதியது இது. வெட்டிய பக்கம் தேவையில்லை.

தகடு ஊற்றப் போகிறீர்கள் என்றால்: ஈதர் பக்கத்தில் தீக்குச்சி கூடாது. சில்வர் நைட்ரேட் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம், கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் ஃபிக்சருக்குச் சயனைடும் வைத்திருந்தார்கள். நீங்கள் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) வையுங்கள், சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். குழந்தை நடிகரை இரசாயனம் இருக்கும் அறைக்குள் அழைத்துவராதீர்கள்; டெவலப் செய்யும் கையைத் தனியாக எடுத்துப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் நில்லுங்கள். பிறகு திரைக்கதையை எழுதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.