நம் படைப்பில் ஒருவர் குறை சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

கதையோ ஓவியமோ, எதைக் காட்டினாலும் யாராவது ஒரு குறை சொன்னதும் மனசு சுருங்கிப்போகிறது, விமர்சனத்தை ஏற்கப் பழகுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காரைக்குடிப் பக்கம் வீட்டுத் தரைகளுக்கு வடிவம் வரைகிறவன், ஆத்தங்குடி கல்லில், அதாவது தரையில் பதிக்கும் சிமென்ட் ஓட்டில், பார்க்கிறீர்களே பூ, கொடி, கட்டம், அதெல்லாம். எனக்கு இதைப் பழக்கிவிட்டது கல் அடிக்கும் பட்டறைதான், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

ஆத்தங்குடி கல் சூளையில் வேகிறதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் வடிவத்துக்கான உலோக அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பைக் கையாலேயே ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த சிமென்டும் மணலும் தூவி, கலவையை நிரப்பி மட்டம் செய்து, இறுகியபின் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் கடைசியில் நாம் நடக்கும் முகம், அந்த வழுவழுப்பு அதனால் வருவது. அச்சைத் தூக்கிய நொடியில் இரண்டு ஈர வண்ணங்களுக்கு நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. கணினித் திரையில் நான் மெல்லிசாக இழுத்த கோடு அங்கே நிற்குமா கலங்குமா என்பது தினமும் ஊற்றுகிற கைக்குத்தான் தெரியும்.

அங்கே ஒரு அண்ணன் இருக்கிறார். என் தாளைப் பார்த்து நல்லா இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லவே மாட்டார். "தம்பி, நாலு கல்லு சேர்ற மூலையில என்ன வரும்?" என்று மட்டும் கேட்பார். நாலு பிரதி எடுத்து ஒட்டிப் பார்த்தால், தனிக் கல்லில் அழகாக நின்ற இலை நுனிகள் நான்கும் கூடும் இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்திருக்கும், வளவு, அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதி, முழுக்கப் பதித்தால் பூவை விட்டுவிட்டுக் கண் அந்தத் திட்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். அந்தக் கேள்வியில் என்னைப் பற்றி ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். எந்த இடம், அங்கே என்ன நடக்கும், அவ்வளவுதான். எனக்கு உதவிய விமர்சனம் அத்தனையிலும் இந்த இரண்டும் இருந்தன.

ஆனால் எல்லோருக்கும் அப்படிப் பேச வராது. "என்னமோ ஒட்டல" என்பதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். அப்போது ஏன் என்று கேட்டால் அவரும் காரணம் தேட ஆரம்பிப்பார், நாமும் வாதாட ஆரம்பிப்போம். எந்த இடத்தில் என்று கேளுங்கள், விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள். அவர் சொல்லும் மாற்று வழி பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது, காட்டுகிற இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். சொந்தக்காரர்களிடம் இதுவும் கிடைக்காது. எங்கள் பக்கம் வந்தவர் மனம் கோணக்கூடாது என்று பார்க்கிறவர்கள், எதைக் காட்டினாலும் "நல்லா இருக்குப்பா, சாப்பிட்டுப் போ" என்பார்கள். பிரியம் அது, அதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போது காட்டுகிறோம் என்பதற்கு நான் ரொம்ப முக்கியத்துவம் தருவேன். தாளில் இருக்கும்போது காட்டினால் குறை கேட்பது சுலபம். உலோகத்தில் அச்சு வெட்டக் காசு கொடுத்த பிறகு யார் எது சொன்னாலும், அந்தக் காசு நம் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டு பதில் பேசும். கதைக்கும் இதேதான். போட்டிக்கு அனுப்பிய மறுநாள் கருத்துக் கேட்டால் எந்த மனசும் நொந்துதான் போகும்.

அப்புறம், சொன்னதை எல்லாம் ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. கோடு கலங்கும் என்று அண்ணன் சொன்னால் மறுபேச்சில்லாமல் தடிப்பாக்கிவிடுவேன், அது அவர் கைவசமுள்ள அறிவு. அடர்பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் வேண்டாம் என்று அவரே சொன்னபோது, அந்த வீட்டு முகப்பில் வெளிச்சம் குறைவு, அங்கே மஞ்சள்தான் எடுக்கும் என்று நான் விடவில்லை. அவரும் ஊற்றிக் கொடுத்தார். வேலை நுணுக்கம் எது, விருப்பம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வலி போய்விடுகிறது.

மறுப்பதையும் மறுக்கப்படுவதையும் நாலு பேர் முன்னால் ரசித்த ஊர் இது. கம்பராமாயணத்துக்காக சா. கணேசன் 1939-ல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களில் பட்டிமண்டபம் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒருவர் உருகி உருகி ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்லி அமர்வார், எதிரணிக்காரர் எழுந்து அதே பாட்டை வைத்தே அதைக் கவிழ்ப்பார், கவிழ்க்கப்பட்டவரும் மேடையிலேயே தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். பேச்சு பாட்டை விட்டு நகராதவரை அங்கே யாருக்கும் மனக்கசப்பு வருவதில்லை. உங்களிடமும் யாராவது படைப்பை விட்டுவிட்டு உங்கள் படிப்பு, குணம், வயசு என்று போனால், அந்தப் பேச்சை நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை.

சரி, இந்த வாரம் இதைச் செய்து பாருங்கள். இன்னும் முடியாத ஒரு கதையை, உங்களைப் பிரியப்படுத்த வேண்டிய அவசியமில்லாத ஒருவரிடம் கொடுங்கள். வாசித்து முடித்ததும், எந்த இடத்தில் கவனம் விலகியது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும்போது விளக்கம் கொடுக்காமல், அவர் சொற்களிலேயே ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வருத்தம் வந்தால் வரட்டும், ரெண்டு நாள் கழித்து அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.