கடல்தொட்டி கேள்வி-பதில்: புதுக் கோரல் ஏன் சுருங்குகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கதைதான். சாஃப்ட் கோரல் (கல் எலும்புக்கூடு இல்லாத மென்பவளம்) வாங்கியாயிற்று, தொட்டியில் வைத்தாயிற்று, சுருங்கிக் கிடக்கிறது, என்ன செய்யலாம்? உப்பளவு எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு, என்ன விளக்கு, ஒன்றும் எழுதுவதில்லை. "பாராமீட்டர் எல்லாம் நார்மல்" என்று ஒரே வரி. நார்மல் என்கிற எண் எந்த டெஸ்ட் கிட்டிலும் வராது. எண் இல்லாத கடிதங்களில் பாதியை ஒதுக்கிவிட்டேன். மீதிக்குப் பதில் இதோ.

டோட்ஸ்டூல் லெதர் (காளான் வடிவ சாஃப்ட் கோரல்) வாங்கி ஆறு நாள் ஆகிறது. ஒரு பாலிப்கூட (பூப்போல் விரியும் சிறு உயிர்) வெளியே வரவில்லை. மேலே மெழுகு பூசியதுபோல் பளபளப்பாக ஒரு படலம். உப்பு 1.025 (ஒப்படர்த்தி), வெப்பம் 26. செத்துவிட்டதா? (வாசகர், தாம்பரம்)

சாகவில்லை, தோல் உரிக்கிறது. லெதர் வகைகள் இடம் மாறினால் இப்படித்தான் மூடிக்கொள்ளும். ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். வேவ்மேக்கரைச் சற்றே திருப்பி, நேராக அடிக்காமல் பக்கவாட்டில் நீரோட்டம் படும்படி வையுங்கள். படலம் தானாகக் கழன்று மிதந்து போகும். விரலால் உரித்து உதவி செய்ய வேண்டாம். நிஜமாகவே அழுகினால் உங்களுக்கே தெரியும்: அடித்தண்டு கறுத்துக் குழையும், வெளியே எடுத்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாறும். இரண்டும் இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

ட்ரிப் (புதுக் கோரலைப் பைத் தண்ணீரோடு வாளியில் வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குவது) எவ்வளவு நேரம் விட வேண்டும்? ஒருவர் அரை மணி என்கிறார், ஒருவர் மூன்று மணி என்கிறார். (வாசகி, திருச்சி)

இருவருமே பையில் இருக்கும் தண்ணீரை அளக்கச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பையைத் தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்க விடுங்கள். அப்புறம் பையைத் திறந்து உப்பளவைப் பாருங்கள். பையில் 1.024, தொட்டியில் 1.025 என்றால் கால் மணி ட்ரிப் தாராளம். பையில் 1.020 என்றால் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு வீதம். மீன்களுக்குத் தொல்லை தரும் ஒட்டுண்ணிகளை அடக்கவும், உப்புச் செலவை மிச்சம் பிடிக்கவும் பல கடைகளில் உப்பைக் குறைத்துத்தான் வைக்கிறார்கள். அதனால் இந்த வித்தியாசம் சகஜம்.

மூன்று மணி நேரம் வாளியில் கிடந்தால், ஏசி அறையில் தண்ணீர் குளிர்ந்துவிடும். ஏசி இல்லாத அறையில் சூடாகிவிடும். ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்குவதுதான் மிச்சம். முடிந்ததும் கோரலை மட்டும் எடுத்து வையுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இதற்கு ஒரு கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

உப்பளக்க ஊசி மேலேறும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்தான் இருக்கிறது. போதாதா?

போதாது. ஊசியில் ஒரு குமிழ் ஒட்டினாலே அளவு கூடுதலாகக் காட்டும். ரெஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலால் சரிபாருங்கள்.

வீட்டில் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரில்தான் உப்புக் கலக்குகிறேன், டாப்-அப்பும் (ஆவியான தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவது) அதேதான். மீன்கள் ஜோராக இருக்கின்றன. ஆனால் ஸீனியா, மஷ்ரூம் என்று எந்தக் கோரல் வாங்கினாலும் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடுகிறது. நத்தைகளும் நிற்பதில்லை. ட்ரிப் செய்வதில் தப்பா? (வாசகர், நீலாங்கரை)

ட்ரிப்பில் தப்பில்லை. சமையலறைக்குப் போய் உங்கள் ஆர்ஓ இயந்திரத்தின் முகப்பைப் படியுங்கள். "காப்பர்" என்று எங்காவது கொட்டை எழுத்தில் இருக்கிறதா? இருக்கும் என்றே நினைக்கிறேன். கடந்த சில ஆண்டுகளாக விற்கிற குடிநீர் ஆர்ஓக்களில் பலவற்றில் செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்று கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. செம்பு உடம்புக்கு நல்லது என்று விற்பவர் சொல்வார். உங்கள் உடம்புக்கு! முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது நஞ்சு. மீன் தாங்கும், வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்தே உண்டு. நத்தை, இறால், கோரல் தாங்காது. "மீன்கள் ஜோராக இருக்கின்றன, நத்தைகள் நிற்பதில்லை" என்று நீங்களே நோயைக் கண்டுபிடித்து எழுதிவிட்டு என்னிடம் ட்ரிப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

இதில் கொடுமை டாப்-அப்தான். சென்னை வெயிலில் ஃபேன் போட்ட 200 லிட்டர் தொட்டியில் தினம் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகும். தண்ணீர்தான் போகும், செம்பு போகாது. நாளைக்கு மறுபடி இரண்டு லிட்டர் ஊற்றுவீர்கள், அதோடு இன்னும் கொஞ்சம் செம்பு. இயந்திரத்திலிருந்து வருகிற அளவு எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். கடையில் கிடைக்கும் சாதாரண காப்பர் டெஸ்ட் கிட்டில் இந்தச் சொற்ப அளவு தெரியாமலும் போகலாம். கிட்டில் பூஜ்யம் வந்தது என்று எனக்குப் படம் அனுப்பாதீர்கள்.

செம்பு இல்லாத ஆர்ஓவிலும் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வழியே மெம்பரேனைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கிறார்கள். மீட்டரில் 60, 80 என்று வருவது அதனால்தான். குடிக்க நல்லது, பாசி வளரவும் நல்லது. தொட்டிக்கு வேண்டியது பூஜ்யம். மெம்பரேனிலிருந்து வெளிவரும் குழாயிலேயே, கன்ட்ரோலருக்கும் செம்புக்கும் முன்னால், ஒரு டி போட்டுப் பிரித்து, அதற்குப் பின் ஒரு டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடிக்கும் ரெசின்) குடுவை மாட்டச் சொல்லுங்கள். சர்வீஸ் பையன் முழிப்பார், விடாதீர்கள்.

இப்போது உள்ள தொட்டிக்கு: சுத்தமான தண்ணீரில் வாரம் கால் பங்கு மாற்றம், சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) புது ஆக்டிவேட்டட் கார்பன், கிடைத்தால் செம்பை உறிஞ்சும் ரெசின். பாறையும் மணலும் செம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும், அவசரப்பட முடியாது. இரண்டு மாதம் கழித்து நாலு நத்தைகளை விட்டுப் பாருங்கள். அவை நின்றால் மஷ்ரூம் வாங்குங்கள். அதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கோரலில் போடாதீர்கள்.

கடையில் மங்கலான வெளிச்சத்தில் இருந்தது. என் எல்இடியை நூறு சதவீதத்தில் ஓட்டுகிறேன். கெனியா ட்ரீ கோரல் மூன்றே நாளில் வெளுத்துவிட்டது. (வாசகர், கோவை)

பின்னே? அதன் திசுவுக்குள் குடியிருக்கும் பாசிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. வெளிச்சம் திடீரென்று ஏறினால் அவை பழுதாகி, கோரலே அவற்றை வெளியேற்றிவிடும். விளக்கை 30, 40 சதவீதத்துக்கு இறக்குங்கள், கோரலைத் தொட்டியின் தரைக்குக் கொண்டுபோங்கள். நிறம் திரும்பத் தொடங்கிய பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை ஐந்து சதவீதம் ஏற்றலாம். நூறுக்குப் போகவே தேவைப்படாமல் போகலாம். பெரும்பாலான சாஃப்ட் கோரல்களுக்கு 100 பார் (கோரலுக்குப் பயன்படும் ஒளியின் அளவு) போதும், மஷ்ரூமுக்கு அதில் பாதி.

டிப் செய்வது (புதுக் கோரலை மருந்து கலந்த தண்ணீரில் முக்குவது) அவசியமா?

அவசியம். தொட்டித் தண்ணீரையே ஒரு வெள்ளை டப்பாவில் எடுங்கள், குழாய்த் தண்ணீர் கூடாது. டிப் மருந்தை பாட்டிலில் போட்ட அளவு கலந்து, ஐந்திலிருந்து பத்து நிமிடம். இடையிடையே பெரிய பிப்பெட்டால் கோரலின் இடுக்குகளில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். டப்பா ஏன் வெள்ளை என்பது அப்போது புரியும்: தட்டைப்புழு, குட்டி நண்டு, ஸோவா (பாறையில் கொத்தாகப் பரவும் பாலிப் வகை) தின்னும் நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) என்று ஒவ்வொன்றாகக் கீழே விழும். அந்த நூடிபிராங்கின் முதுகு ஸோவா பாலிப் மாதிரியே இருக்கும்; கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். மருந்தில் முட்டைகள் சாகாது. ப்ளக்கின் (கோரல் ஒட்டியிருக்கும் சிறு கல்) அடியில் வெள்ளைச் சுருளாகத் தெரிந்தால் சுரண்டி எடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி டிப். ஸீனியாவுக்கு மட்டும் பாதி மருந்து, பாதி நேரம். அது தாங்காத சாதி. டிப் தண்ணீரும் தொட்டிக்குள் போகக் கூடாது, பைத் தண்ணீரும்தான்.

லெதர் துண்டு பசையில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

வழவழப்பில் எந்தப் பசையும் நிற்காது. சின்னக் கல்லின் மேல் வைத்து, மெல்லிய வலைத்துணியைப் போர்த்தி, ரப்பர் பேண்டால் தளர்வாகக் கட்டுங்கள். பத்துப் பதினைந்து நாளில் தானே பிடித்துக்கொள்ளும்.

எந்த இடம் பிடிக்கிறது என்று தினம் ஒரு இடத்தில் வைத்துப் பார்க்கிறேன்... (வாசகர், மதுரை)

நிறுத்துங்கள். ஓரிடத்தில் வைத்து இரண்டு வாரம் தொடாதீர்கள்.

மண்டபத்தில் நண்பர் ஒருவர் உயிருள்ள பவளமும் கடல் விசிறியும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எப்படிக் கொண்டுவருவது?

கொண்டுவரக் கூடாது. கல் பவளமும் கடல் விசிறியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. நண்பருக்கும் சொல்லிவையுங்கள். வளர்ப்பவர்களிடம் வெட்டிய ஃப்ராக் (கோரல் துண்டு) வாங்கினால் பழகிய கோரலாகவும் கிடைக்கும்.

பாறை முழுக்க ஸோவா பரவிவிட்டது. பாறையை வெந்நீரில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து, அதில் புது லெதரை வைக்கலாமா? (வாசகி, புதுச்சேரி)

அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம். ஸோவாக்களிலும் அவற்றின் உறவான பாலித்தோவாக்களிலும் சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது. 1971இல் ஹவாயில் பிரித்தெடுத்த நஞ்சு, சூட்டில் சிதையாது. கொதிக்கும் ஆவியை முகர்ந்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. சூடு வேண்டாம், பிரஷ்ஷால் தேய்ப்பதும் வேண்டாம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு பாறையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பாறையின் விலை அப்படி ஒன்றும் பெரிதில்லை. கையாண்ட பிறகு காய்ச்சல், மூச்சுத் திணறல், வாயில் உலோகச் சுவை வந்தால் மருத்துவரிடம் பாலிடாக்சின் என்ற பெயரையே சொல்லுங்கள்.

சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லை. மே மாதம் தொட்டி 29 போகிறது. லெதர் தாங்குமா?

29 தாங்கும், 31 தாங்காது. ஃபேன் போட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மே மாதத்தில் புதுக் கோரல் வாங்காதீர்கள்.

ஜிஎஸ்பியை (கிரீன் ஸ்டார் பாலிப், பாய்போல் படரும் பச்சைக் கோரல்) பின்கண்ணாடியில் படரவிடலாமா?

விடலாம், பச்சைப் புல்வெளிபோல் அழகாகத்தான் இருக்கும். மற்ற பாறை எதுவும் அந்தக் கண்ணாடியைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை பழைய பிளேடால் ஓரத்தை வெட்ட வேண்டியிருக்கும்.