கனடா டர்ன்டேபிளும் கொழும்பு மின்சாரமும்: உயர்தர டர்ன்டேபிள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், தான் பாவித்த விலையுயர்ந்த பெல்ட் டர்ன்டேபிளை (மோட்டார் ஓர் இறப்பர்ப் பட்டியால் இசைத்தட்டைச் சுழற்றும் வகை) எனக்குத் தருவதாகச் சொல்கிறார். 230 வோல்ட்டை 120 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கினால் போதும்தானே?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: போதாது. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை, அதாவது மின்சாரம் செக்கனுக்கு எத்தனை அலை என்பதை, மாற்றாது. கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பழைய பெல்ட் டர்ன்டேபிள்கள் பலவற்றில் இருப்பது சின்க்ரோனஸ் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஹேர்ட்ஸ். அங்கே நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடிய தட்டு இங்கே 27.8 சுற்றுத்தான் ஓடும். 5 கட்டைச் சுருதியில் பாடிய பாடகி 3 கட்டைக்கும் சற்றுக் கீழே பாடுவதுபோல் கேட்கும். 45 சுற்று வேகத்துக்கு மாற்றினால் 37.5 சுற்று. இரண்டு வேகமும் பிழை.

ஆகவே மச்சானிடம் முதலில் மூன்று படம் கேளுங்கள்: அடிப்பக்கத்துப் பெயர்த்தகடு, அடப்டரில் ஒட்டியிருக்கும் லேபிள், பிளாட்டரை (இசைத்தட்டு வைக்கும் சுழல் வட்டு) தூக்கினால் தெரியும் மோட்டார்க் கப்பி. லேபிளில் அவுட்புட் டிசி என்றிருந்தால் வேகத்தை உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுப் பார்த்துக்கொள்கிறது. அதே வோல்ட், அதே அல்லது கூடிய அம்பியர், அதே முனைத்திசை (+/-) உள்ள 230 வோல்ட் அடப்டர் இங்கே வாங்கிப் போட்டால் சரி. அவுட்புட் ஏசி என்றிருந்து, நடுவில் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லையென்றால், சுவரில் வரும் ஹேர்ட்ஸ்தான் மோட்டாருக்குப் போகிறது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, தயாரிப்பாளரிடம் 50 ஹேர்ட்ஸுக்கான கப்பி வாங்குவது. அதன் விட்டம் 60 ஹேர்ட்ஸ் கப்பியைப்போல் 1.2 மடங்கு. மற்றது, தானே அலையை உருவாக்கி மோட்டாருக்குக் கொடுக்கும் வெளி மின்வழங்கி. இரண்டும் கிடைக்காத மாடல் என்றால் அன்போடு மறுத்துவிடுவதே நல்லது.

குவார்ட்ஸ் பூட்டுள்ள டிரெக்ட் டிரைவ் டர்ன்டேபிளுக்கு (பட்டி இல்லாமல் மோட்டாரே பிளாட்டரைச் சுழற்றும், வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் பிடித்துவைக்கும்) இந்த வேகச் சிக்கல் இல்லை, வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் 60 ஹேர்ட்ஸுக்கென்றே செய்த மின்மாற்றி உள்ளே இருந்தால் 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும், உறுமவும் செய்யும். பெயர்த்தகட்டில் 50/60 என்று போட்டிருக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வருவது 100 வோல்ட். அதை 110-இல் மாட்டக்கூடாது, 100 வோல்ட் தரும் ட்ரான்ஸ்போமரே வேண்டும். 50 வோல்ட்-அம்பியர் அளவு பெரும்பாலான டர்ன்டேபிளுக்குத் தாராளம். அதை டர்ன்டேபிளிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் அதன் உறுமலைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் சிறு பகுதி) பிடித்துக்கொள்ளும்.

லண்டன், சிங்கப்பூர், துபாய் உறவினர்கள் இந்த விஷயத்தில் உதவி. மூன்று இடத்திலும் 50 ஹேர்ட்ஸ், நம் வோல்ட், நமது சதுர முனை பிளக்.

எங்கிருந்து வந்தாலும் பொதி கட்டும் முறையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெல்ட்டையும் பிளாட்டரையும் கழற்றித் தனியே சுற்ற வேண்டும். டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) எதிர்எடையையும் கழற்ற வேண்டும். ஊசிக்கு மூடி போட்டு, டோன்ஆர்மை அதன் தாங்கியோடு மென்மையாகக் கட்ட வேண்டும். ஸ்பிரிங்கில் தொங்கும் வகையென்றால் போக்குவரத்துத் திருகுகளை இறுக்க வேண்டும். பிளாட்டர் இருந்தபடியே அனுப்பிய டர்ன்டேபிளில் பிளாட்டர் சுழலும் பேரிங் அடிபடும். அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது, ஒலியில் மெல்லிய உறுமலாக வரும்.

வந்ததும் வேகத்தைச் சரிபாருங்கள். கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டில், மின்விளக்கின் மினுங்கலில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி. 33⅓-க்கு 50 ஹேர்ட்ஸ் வளையம் 180 கோடு, 60 ஹேர்ட்ஸ் வளையம் 216 கோடு. கனடாத் தட்டின் 216 கோட்டு வளையம் நம் வெளிச்சத்தில் பிழையான விடை தரும். பல எல்ஈடி விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து மினுங்குவதுமில்லை. 3,150 ஹேர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைத் தட்டும் அந்த ஒலியை அளக்கும் தொலைபேசிச் செயலியும் இதைவிட நல்லது. அளவு 3,140-க்கும் 3,160-க்கும் இடையில் நின்றால் கவலையில்லை.

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடியில் மூன்றாம் மாடி. ரயில் போகும்போதெல்லாம் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல். பிள்ளைகள் ஓடினால் ஊசி துள்ளுகிறது. ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி தரும் வூஃபர் கூம்பு பாட்டே இல்லாத இடத்திலும் முன்னும் பின்னும் அசைகிறது. டர்ன்டேபிள் பழுதா?

பதில்: நீங்கள் சொல்வது மூன்று வெவ்வேறு விஷயம். ஒரே மருந்து மூன்றுக்கும் கேட்காது.

பிள்ளைகளின் ஓட்டத்தை முதலில் எடுப்போம். கொங்கிரீட் தளம் மரத்தளம்போல் ஆடுவதில்லை. ஆடுவது பெரும்பாலும் டர்ன்டேபிள் இருக்கும் அலமாரி. அலமாரியின் மேல்மூலையை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் காரணம் அதுதான். சுவரில் பூட்டும் றாக்கை நல்ல தீர்வு, ஆனால் சுவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். மெல்லிய தடுப்புச் சுவர் வேண்டாம். தூணோடு ஒட்டிய பாரம் தாங்கும் சுவரில், முடிந்தால் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்க அறையில், அங்கர் போல்ட் போட்டுப் பூட்டுங்கள்.

அடுத்தது ரயில். அது கட்டடத்தின் ஊடாக வரும் அதிர்வு, சுவர் றாக்கைக்கும் வரும். அதைக் குறைக்கப் பாரமும் மென்மையும் சேர்ந்து வேண்டும். சமையலறை மேடைக்கு வெட்டி மிஞ்சிய கருங்கல் பலகை ஒன்று, 45 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிப்பு என்றால் ஏறக்குறைய 8.5 கிலோ. அதன் கீழே நான்கு அதிர்வு தாங்கும் இறப்பர் பாதம். பாதத்தை எடை பார்த்து வாங்க வேண்டும்: உதாரணமாக டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜிஆர் டர்ன்டேபிள் 11.5 கிலோ, கல் 8.5, மொத்தம் 20, ஒரு பாதத்துக்கு 5 கிலோ. 20 கிலோ தாங்கும் பாதத்தை 5 கிலோவுக்கு வைத்தால் அது கல்லைப்போலவே கிடக்கும், அதிர்வை அப்படியே மேலே விடும். பலர் காசு கொடுத்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். டோன்ஆர்மின் எடை பிளாட்டருக்கு வெளியே இருப்பதால் சுமை நான்கு பாதத்துக்கும் சமமாக விழாது. நீர்மட்டம் வைத்துப் பார்த்து பாதங்களை நகர்த்துங்கள்.

வூஃபர் அசைவு டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்ற கேள்வி. டோன்ஆர்மின் பயனுறு எடை (அசையும்போது ஊசி உணரும் எடை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (ஊசி எவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்கும் என்பதன் அளவு) பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 159-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒத்ததிர்வு, அதாவது டோன்ஆர்மும் ஊசியும் தாமாகவே ஆட முனையும் வேகம், ஹேர்ட்ஸில் கிடைக்கும். அது 8-க்கும் 12-க்கும் இடையில் வர வேண்டும். ஓர்டோஃபோன் 2எம் ரெட் என்ற கார்ட்ரிட்ஜின் எடை 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. 12 கிராம் டோன்ஆர்ம், 0.8 கிராம் திருகு என்றால் மொத்தம் 20. விடை 8 ஹேர்ட்ஸுக்கு ஒரு மயிரிழை கீழே. எல்லையில் நிற்கிறது. சற்று வளைந்த தட்டு போட்டாலே கூம்பு அசையும். அதே டோன்ஆர்மில் டெனன் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் என்றால் ஏறக்குறைய 11. டெனன் தரும் 5 என்ற கம்ப்ளையன்ஸ் எண் 100 ஹேர்ட்ஸில் அளந்தது. அப்படி அளந்த ஜப்பானிய எண் சிறிதாக வரும், அதை 1.5 முதல் 2 மடங்காக்கியே கணக்கில் போட வேண்டும், இங்கே 10 என்று எடுத்தோம். கார்ட்ரிட்ஜை மாற்ற விருப்பமில்லை என்றால், போனோ ப்ரீஅம்பில் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் பெட்டி) 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி இருக்கிறதா பாருங்கள், அதைப் போடுங்கள்.

ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே அலமாரியில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. சோதிக்க: மோட்டாரை நிறுத்தி, நிற்கும் தட்டில் ஊசியை இறக்கி, ஒலியைப் பூச்சியத்திலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள். வழமையாகக் கேட்கும் அளவு வருமுன்பே ஊளை தொடங்கினால் ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குத் திரும்பி வருகிறது. உடனே ஒலியைக் குறைத்து, ஸ்பீக்கரைப் பிரித்து வையுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்க ஒரு தொகை சேர்த்திருக்கிறேன். முழுவதையும் டர்ன்டேபிளுக்கே போடலாமா? எம்எம் (அசையும் காந்தம்) கார்ட்ரிட்ஜா எம்சியா (அசையும் சுருள்)?

பதில்: முழுவதையும் போடவேண்டாம். தொகையில் பாதி டர்ன்டேபிளுக்கும் டோன்ஆர்முக்கும், ஐந்தில் ஒன்று கார்ட்ரிட்ஜுக்கு, மிச்சம் போனோ ப்ரீஅம்ப், றாக்கை, தட்டுக் கழுவும் சாமான், 0.01 கிராம் காட்டும் ஊசித் தராசு. இதுதான் என் பங்கீடு.

கொழும்பில் இருப்பவருக்கு, ஊசியைக் கையால் இழுத்துக் கழற்றும் எம்எம் கார்ட்ரிட்ஜையே பரிந்துரைப்பேன். ஊசி ஓர் அழியும் பொருள். ஒழுங்காகப் பராமரித்தால் ஏறக்குறைய 1,000 மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டு எல்பி (33⅓ வேக இசைத்தட்டு) கேட்பவருக்கு அது இரண்டு வருடம். எம்எம் ஊசி வெளிநாட்டிலிருந்து வருபவரின் சட்டைப்பையில் வந்துவிடும். எம்சியில் பொதுவாக ஊசியை மட்டும் மாற்ற முடியாது, கார்ட்ரிட்ஜையே அனுப்பியோ மாற்றியோ எடுக்க வேண்டும். அதோடு எம்சியின் வெளியீடு பொதுவாக 0.2 - 0.5 மில்லிவோல்ட்தான், எம்எம்மினது 3 - 5. எம்சிக்கு 60 டெசிபெல் அளவு பெருக்கும் போனோ ப்ரீஅம்ப் தேவை, எம்எம்முக்கு 40 போதும். 2எம் ரெட் வாங்கிப் பிறகு 2எம் ப்ளூ ஊசியை அதே உடலில் மாட்டலாம். சேமிக்க நல்ல வழி.

கடையிடம் கட்டாயம் கேளுங்கள்: பூட்டித் தருவீர்களா, அளவுகளை எழுதித் தருவீர்களா? ஊசி அழுத்தம் எத்தனை கிராம் (2எம் ரெட்டுக்கு 1.8), ஊசி பள்ளத்தோடு நேராக நிற்கும் பூச்சியப் புள்ளிகள் எவை (பெயர்வால்ட் முறையென்றால் நடுவிலிருந்து 66.0, 120.9 மி.மீ.), ஆன்டிஸ்கேட் (டோன்ஆர்மை நடுப்பக்கம் இழுக்கும் விசைக்கு ஈடு) எவ்வளவு. எழுதித் தர முடியாத கடை அளந்து பூட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நேரே இறக்குமதி செய்வதென்றால் வலைக்கடையில் தெரியும் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சுங்கம் பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்தே மதிப்பிடும். அதன்மேல் தீர்வைகள், எல்லாவற்றுக்கும் மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. டர்ன்டேபிள் 8519 என்ற சுங்கக் குறியீட்டிலும் கார்ட்ரிட்ஜ் 8522-இலும் வரும். காசு கட்டுமுன் அந்தக் குறியீடுகளுக்கான அன்றைய தீர்வையைச் சுங்கத்தின் அட்டவணையில் பாருங்கள்.

கேள்வி: பூட்டிய நாளிலிருந்து ம்ம் என்று ஓர் இரைச்சல். டோன்ஆர்மைத் தொட்டால் கூடுகிறது.

பதில்: பெரும்பாலும் பூமிக் கம்பியின் (கிரவுண்ட் வயர்) தொடர்பு விட்டிருக்கும். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய கம்பியைப் போனோ ப்ரீஅம்பின் கிரவுண்ட் திருகில் இறுக்குங்கள். போகாவிட்டால் கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு நிறக் கம்பியையும் பாருங்கள்: சிவப்பு வலது, பச்சை வலதின் பூமி, வெள்ளை இடது, நீலம் இடதின் பூமி. ஒன்று தளர்ந்திருந்தாலும் இரையும். அதன் பிறகே சுவரைச் சந்தேகியுங்கள். வட்ட முனை சொக்கற்றில் மலிவான அடப்டர் போட்டு அம்ப் எனும் அம்ப்ளிஃபயரைக் கொளுவியிருந்தால் பூமித் தொடர்பு அங்கேயே அறுந்திருக்கலாம். இரைச்சலைப் போக்க அம்பின் பூமி முனையைக் கழற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள், அது உயிராபத்து.

கேள்வி: அப்பாவின் பழைய எல்பிகளில் வெள்ளைப் பூஞ்சணம். புது ஊசியை அவற்றில் வைக்கப் பயமாக இருக்கிறது. 78 வேகத் தட்டுகளும் இருக்கின்றன.

பதில்: பயம் நியாயமானது. பூஞ்சணத் தூள் ஊசியில் அப்பிக்கொள்ளும். முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, உலர்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள். பிறகு 800 மி.லீ. காய்ச்சி வடித்த நீர், 200 மி.லீ. ஐசோப்ரொபைல் அற்ககோல், வாசமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி. இதைப் பள்ளம் போகும் திசையிலேயே மென்தூரிகையால் தேய்த்து, வெறும் வடித்த நீரால் இருமுறை கழுவுங்கள். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. குழாய்நீர் வேண்டாம், காய்ந்தபின் அதன் உப்பு பள்ளத்தில் தங்கும். நிமிர்த்தி உலரவிட்டுப் புதிய பொலித்தீன் உறையில் போடுங்கள். பழைய காகித உறைக்குள் திரும்ப வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் அதே வேலை திரும்பவும் வரும். பிவிசி உறையும் வேண்டாம், காலப்போக்கில் தட்டில் மங்கல் படிய வைக்கும்.

78 தட்டுகளுக்கு இந்தக் கலவையைத் தொடவே கூடாது. அவற்றில் பெரும்பாலானவை ஷெல்லாக். அற்ககோல் ஷெல்லாக்கைக் கரைத்துவிடும். அற்ககோல் இல்லாத நீரும் ஒரு துளித் திரவமும் போதும், உடனே துடைத்து உலர்த்துங்கள். எல்பி ஊசியாலும் அவற்றைக் கேட்காதீர்கள். 78-இன் பள்ளம் அகலம், அதற்கு முனை ஆரை ஏறக்குறைய 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) உள்ள ஊசி வேண்டும், எல்பிக்கு 0.7 மில். டர்ன்டேபிளிலும் 78 வேகம் இருக்க வேண்டும். எஸ்எல்-1200ஜிஆரில் இருக்கிறது, பழைய எஸ்எல்-1200 எம்கே2-இல் இல்லை.

கடற்கரைப் பக்க வீடுகளில் இன்னொன்று: ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜைப் பூட்டும் டோன்ஆர்ம் முனைப்பகுதி) தொடுமுனைகளையும் பின்னால் உள்ள ஆர்சிஏ பிளக்குகளையும் இடைக்கிடை அற்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஒரு பக்க ஒலி விட்டுவிட்டு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த உப்புப் படிவைத்தான். நிலைமின் நீக்கும் துப்பாக்கிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நம் ஈரக்காற்றில் நிலைமின் பெரிதாகத் தங்காது, நாள் முழுதும் ஏசி ஓடும் அறையென்றால் மட்டும் யோசிக்கலாம்.

கேள்வி: வாங்கி ஆறு வாரம். வலது பக்கம் கரகரக்கிறது. கார்ட்ரிட்ஜுக்கு உத்தரவாதம் இல்லை என்கிறது கடை.

பதில்: முதலில் குறை எங்கே என்று நிறுவுங்கள். அம்பை அணைத்து, போனோ ப்ரீஅம்புக்குள் போகும் இடது வலது கேபிள்களை மாற்றிக் கொளுவுங்கள். கரகரப்பு இடதுக்குப் போனால் குறை டர்ன்டேபிள் பக்கம். வலதிலேயே நின்றால் ப்ரீஅம்ப், அம்ப் அல்லது ஸ்பீக்கர். டர்ன்டேபிள் பக்கமென்றால் ஊசி அழுத்தத்தைத் தராசில் பாருங்கள், ஆன்டிஸ்கேட்டையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும், அதுவும் உரத்த இடங்களில் கரகரப்பதற்கு ஆன்டிஸ்கேட் பிழையே அடிக்கடிக் காரணம். கடையே பூட்டியிருந்தால், இது பூட்டியதில் உள்ள பிழை, கார்ட்ரிட்ஜின் உத்தரவாதத்தோடு இதற்குத் தொடர்பில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கடை அசையாவிட்டால் 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். அவசர இலக்கம் 1977. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் ஆறு வாரமளவு இருக்கிறது. பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கடைக்கு எழுதியதன் பிரதி, தராசில் தெரிந்த எடையின் படம் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள்.